துவாரகா விரைவுச்சாலை: 18 கோடி, 250 கோடி, கோப்பில் இல்லாத ஒரு காரணம்

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) ஒரு தணிக்கை அறிக்கையிலிருந்து இரண்டே இரண்டு எண்கள் வெளியே வந்து நாடு முழுக்கச் சுற்றின. ஒரு கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்ட கணக்கில், தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் ஒரு கிலோமீட்டருக்கு 250.77 கோடி ரூபாய் அனுமதித்திருந்தது. டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச்சாலைதான் அந்தச் சாலை. தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தரப்பு ஊழல் என்றது. இன்னொரு தரப்பு, தணிக்கையாளர்களுக்குச் சாலைக் கட்டுமானம் புரியவில்லை என்றது. அதே மாதம் 23ஆம் தேதி சந்திரயான் நிலவில் இறங்கியது. செய்திகளின் கவனம் அங்கே போய்விட்டது.

அந்த இரண்டு எண்களையும் நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். அப்புறம் அறிக்கையின் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்தபோது, எண்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய வரி பிடித்து நிறுத்தியது. ஹரியானாவுக்குள் வரும் 19 கிலோமீட்டரைத் தரையில் போடாமல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டத் திட்டமிட்டதற்கு, பதிவில் காரணம் எதுவும் இல்லை என்கிறது அந்த வரி. இந்தச் சாலையின் கதையில் மிகப் பெரிய விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாலை வந்த வழி

டெல்லி விமான நிலையத்தை ஒட்டி, மஹிபால்பூரில் தேசிய நெடுஞ்சாலை 48இன் ஓரமாக உயரமான சிவன் சிலை ஒன்று நிற்கிறது. சிவ்மூர்த்தி என்பது அந்த இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. துவாரகா விரைவுச்சாலை அங்கே பிரிகிறது. துவாரகா குடியிருப்புகள் பக்கமாகச் சுற்றி, பஜ்கேரா அருகே ஹரியானாவுக்குள் நுழைந்து, பசாய் ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி, கேர்கி தௌலா சுங்கச்சாவடி அருகே மறுபடியும் அதே நெடுஞ்சாலையில் போய்ச் சேர்கிறது. மொத்தம் 29 கி.மீ. சொச்சம். டெல்லிக்குள் சுமார் 10, ஹரியானாவுக்குள் சுமார் 19.

இப்படி ஒரு மாற்றுவழி தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஜெய்ப்பூர், மும்பை போகும் லாரிகளும், குருகிராம் அலுவலகங்களுக்குப் போகும் கார்களும், விமான நிலையத்துக்கு ஓடும் டாக்சிகளும் ஒரே சாலையில்தான் முட்டிக்கொண்டிருந்தன. ஹரியானா அரசு 2006-07 வாக்கிலேயே இதைத் தன் பங்குக்கு 'வடக்குச் சுற்றுச்சாலை' என்று திட்டமிட்டது. அதற்காக 150 மீட்டர் அகலத்துக்கு இடமும் குறித்து வைத்தது. நிலத் தகராறு, வழக்கு, மறுகுடியமர்வு என்று வருடங்கள் ஓடின. சாலை வரப்போகிறது என்ற நம்பிக்கையில் இருபுறமும் அடுக்குமாடிகள் எழும்பின; வீடு வாங்கியவர்கள் அரைகுறைச் சாலையில் புழுதியோடு காத்திருந்தார்கள்.

கடைசியில் திட்டம் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் கைக்கு வந்தது. 2017 அக்டோபரில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்த, பாரத்மாலா என்ற நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் இதுவும் சேர்ந்தது. பாரத்மாலா என்ற பெயர் தமிழ்நாட்டில் சேலம் எட்டுவழிச் சாலைப் போராட்டத்தின்போது எல்லோர் வாயிலும் புழங்கிய பெயர்தான். ஹரியானா அரசு 90 மீட்டர் அகல நிலத்தை ஆணையத்துக்கு இலவசமாகவே கொடுத்தது. இந்த 90 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வாதமும் அதன் மேல்தான் நிற்கிறது.

18.20 எங்கிருந்து வந்தது

பாரத்மாலா முதல் கட்டத்துக்கு அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது 34,800 கி.மீ. நீளம், 5,35,000 கோடி ரூபாய். அதற்குள் தேசிய வழித்தடங்களைத் தரம் உயர்த்த 5,000 கி.மீ.க்கு 91,000 கோடி என்று ஒரு பகுதி. வகுத்தால் கிலோமீட்டருக்கு 18.20 கோடி வருகிறது. ஆகவே இது துவாரகாவுக்கென்று யாரும் அளந்து போட்ட எஸ்டிமேட் கிடையாது. நாடு முழுக்க இருக்கும் சாலைகளுக்கான சராசரி.

அந்தச் சராசரியில் 29.06 கி.மீ.க்கு ஏறக்குறைய 529 கோடி ஆகியிருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்டதோ 7,287.29 கோடி.

இந்த இடத்தில் தணிக்கைத் துறை மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாடு தழுவிய சராசரியை எடுத்து, தூண் மேல் நிற்கும் எட்டுவழிப் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்தால், "இரண்டும் ஒன்றா?" என்று யாரும் சுலபமாகக் கேட்டுவிடலாம். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதையேதான் கேட்டது. 18.20 என்பதில் பெரிய கட்டுமானங்களின் செலவு சேரவே இல்லை, உண்மையான செலவு விரிவான திட்ட அறிக்கைக்குப் பிறகே முடிவாகும் என்றது. அந்த பதில் நியாயமானதே. 14 மடங்கு என்ற பரபரப்பு அதோடு முக்கால்வாசி கரைந்துவிடுகிறது.

கரையாமல் நிற்பது வேறொன்று.

ஒரே நெடுஞ்சாலையின் இரண்டு முனைகள்

மேம்பாலச் சாலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்பதைக் கட்டுமான இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் உறைக்கும். தரைச்சாலை என்றால் மண்ணைக் கெட்டிப்படுத்தி, ஜல்லி அடுக்குகளைப் போட்டு, மேலே தாரோ கான்கிரீட்டோ விரிக்கிறார்கள். உயர்த்திக் கட்டும்போது ஒவ்வொரு சில பத்து மீட்டருக்கும் பூமிக்குள் ஆழமாக பைல் என்ற கான்கிரீட் கால்களை இறக்கி, அதன் மேல் தொப்பி கட்டி, தூண் எழுப்பி, கர்டர் என்ற உத்திரத்தையோ வார்த்த துண்டுகளையோ கிரேனில் தூக்கி வைத்து, அதற்கு மேல்தான் சாலையே வரும். கம்பியும் சிமெண்டும் பல மடங்கு. துவாரகா சாலைக்கு மட்டும் 2 லட்சம் டன் எஃகும் 20 லட்சம் கனமீட்டர் கான்கிரீட்டும் என்று அரசே பெருமையாக அறிவித்தது.

இந்த 48ஆம் எண் நெடுஞ்சாலை டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னையில் வந்து முடிகிறது. அதன் நம் முனையிலும் ஒரு பறக்கும் சாலைத் திட்டம் இருக்கிறது: துறைமுகம்–மதுரவாயல். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அன்றைய மதிப்பீடு 2,000 கோடிக்கும் குறைவு. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி 2012இல் தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தியது. பாதி எழும்பிய தூண்கள் பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றன. கோயம்பேடு பக்கம் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்திருப்பார்கள். 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடியும் அடிக்கல் நாட்டியபோது, இரண்டு அடுக்குச் சாலையாக, 20 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளத்தில், 5,850 கோடிக்கு மேல் என்று ஆகியிருந்தது. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 280 கோடிக்குக் குறையாது.

அதாவது நெருக்கமான ஒரு நகரத்தில் உயர்த்திக் கட்டும் பல வழிச் சாலைக்கு 250 கோடி என்பது கேள்விப்படாத தொகை இல்லை. எண்ணை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

ஆனால் இரண்டு முனைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. சென்னையில் ஏன் மேலே போனார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் வீடுகள், நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை. கண்டெய்னர் லாரி போகத் தரையில் ஒரு முழம் இடம் கிடையாது. ஆற்றோரமாகத் தூண் நட்டு மேலே போவதைத் தவிர வழி இல்லை. குருகிராமில் 90 மீட்டர் நிலம் காலியாக, இலவசமாக, கையில் இருந்தது. 14 வழிகளையும் தரையிலேயே போட 70 முதல் 75 மீட்டர் அகலம் போதும் என்கிறது தணிக்கை அறிக்கை. 15 மீட்டர் மிச்சமே இருந்திருக்கும். அப்படியிருந்தும் எட்டு வழிகளை மேலே தூக்கி, ஆறு வழிகளைக் கீழே போட முடிவு செய்தார்கள்.

அமைச்சகத்தின் பதில்

தணிக்கையாளர்கள் கேட்டபோது 2022 ஏப்ரலில் அமைச்சகம் கொடுத்த பதில் சுருக்கமானது. மாநிலங்களுக்கு இடையே போகும் வாகனங்கள் தடையில்லாமல் செல்ல, உள்ளே நுழையவும் வெளியேறவும் மிகச் சில இடங்களை மட்டும் வைத்து, எட்டுவழி உயர்மட்டச் சாலையாகக் கட்ட முடிவானது என்றது.

தணிக்கைத் துறை விடவில்லை. அந்த வாகனங்கள் எத்தனை? ஒரு நாளைக்குச் சராசரியாக 55,432 பயணிகள் வாகனங்கள். அதற்கு எட்டு வழி உயர்மட்டச் சாலை வேண்டும் என்பதற்கான நியாயம் கோப்பில் எங்கே என்று கேட்டது.

அறிக்கை வெளியாகி விவாதம் சூடானதும் அமைச்சகத் தரப்பிலிருந்து இன்னொரு வாதம் வந்தது. நான்கு தொகுப்புகளாகப் பிரித்து டெண்டர் விட்டோம்; கட்டுமானச் செலவு கிலோமீட்டருக்கு 206.39 கோடி என்று மதிப்பிட்டிருந்தோம். ஒப்பந்தம் முடிந்தது 181.94 கோடிக்குத்தான், 12 சதவீதம் மிச்சம் என்றது. சாலைப் போக்குவரத்து அமைச்சராக இருந்த நிதின் கட்கரியும் இதையே அழுத்திச் சொன்னார். இந்தக் கணக்கு சரிதான், வகுத்துப் பார்த்தேன்.

ஆனால் இந்த பதில் வேறொரு கேள்விக்கானது. துவாரகா ஒப்பந்தங்கள் இபிசி முறையில் விடப்பட்டவை. வடிவமைப்பு, பொருள் கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. மொத்தத் தொகை முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். போட்டி என்பது "இதைக் கட்ட யார் குறைவாகக் கேட்கிறார்கள்" என்பதில் மட்டும்தான். 'இது' என்ன என்பதை டெண்டர் அறிவிப்புக்கு வெகு முன்னாலேயே அரசு தீர்மானித்துவிடுகிறது. வீடு கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மேஸ்திரியிடம் பேரம் பேசிப் பத்து சதவீதம் குறைக்கலாம். ஆனால் ஒரு மாடியா மூன்று மாடியா என்ற முடிவில்தான் பணம் முழுக்கப் போகிறது, அந்த முடிவு மேஸ்திரி வருவதற்கு முன்பே வீட்டுக்குள் எடுத்த முடிவு.

துவாரகாவில் அந்த முடிவைத்தான் தணிக்கை தேடியது. டெண்டரில் 12 சதவீதம் குறைந்தது என்பது அதற்கு பதிலாகாது.

எழுதியிருக்கக்கூடிய காரணங்கள்

இந்தச் சாலையை மேலே தூக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், மேலே தூக்குவதற்கு நல்ல வாதங்கள் இருக்கின்றன.

சாலையின் இருபுறமும் குருகிராமின் புதிய செக்டார்கள். 14 வழிச் சாலையைத் தரையில் விரித்தால் அது ஊரை இரண்டாகக் கிழிக்கும் ஒரு சுவர் மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்றால் குழந்தைகள் எப்படிக் கடப்பது? நம் நெடுஞ்சாலைகளில் நடுத்திட்டு மேல் ஏறிக் குதித்துக் கடக்கும்போது நடக்கும் மரணங்களை நாம் தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். குறுக்கே வரும் ஒவ்வொரு செக்டார் சாலைக்கும் ஒரு சுரங்கப்பாதையோ சிறு மேம்பாலமோ கட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் தரைச்சாலையின் விலையும் 18 கோடியில் நிற்காது.

எதிர்ப்பக்கத்திலும் சொல்ல நிறைய இருக்கிறது. மேம்பாலத்தைப் பின்னால் அகலப்படுத்த முடியாது. இணைப்புகளையும் பேரிங்குகளையும் காலத்துக்கும் பராமரிக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு மேலே இருக்கும் எட்டு வழிகளால் பயன் குறைவு. இதோடு சுங்கக் கட்டணமும் சேர்கிறது. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, பெரிய பாலம், மேம்பாலம், சுரங்கம் ஆகியவற்றின் நீளத்தைப் பத்து மடங்காகக் கணக்கிட்டுத்தான் கட்டணம் போட்டு வந்தார்கள். இது அளவுக்கு மீறிப் போகிறது என்று 2025 ஜூலையில் அரசே விதியைத் திருத்தி, பாலங்களும் சுரங்கங்களும் நிறைந்த சாலைகளில் கட்டணம் குறைய வழி செய்தது. எப்படியானாலும் சாலையைத் தூக்கிக் கட்டும் முடிவு, அதில் போகிறவரின் ஃபாஸ்டேக் கணக்கு வரைக்கும் வந்து தொடுகிற முடிவு.

இரண்டு பக்கத்தையும் எழுதி, தரையில் போட்டால் இவ்வளவு, மேலே கட்டினால் இவ்வளவு, வித்தியாசத்துக்கு நாம் பெறுவது இது என்று நாலு பக்கக் குறிப்பு ஒன்று கோப்பில் இருந்திருந்தால் தணிக்கையாளர் வாயைத் திறந்திருக்கவே முடியாது. அரசு அலுவலகத்தில் ஒரு ஏசி வாங்கினாலே எதற்கு வாங்குகிறோம் என்று குறிப்பு எழுதி, அது மேசை மேசையாக ஏறி இறங்குகிறது. 7,287 கோடி ரூபாய் முடிவுக்கு அந்தக் குறிப்பு இல்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. காரணம் எழுதப்படாவிட்டால், முடிவு சரியா தவறா என்று பின்னால் வருகிறவர் சோதிக்கவே வழியில்லாமல் போகிறது. நேர்மையாக முடிவெடுத்த பொறியாளருக்கும் அது பாதுகாப்பில்லை; அவர் ஓய்வு பெற்ற பிறகு அவருக்காகப் பேச ஒரு தாளும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கை அறிக்கை யாரும் பணம் தின்றார்கள் என்று சொல்லவில்லை. அது ஊழல் அறிக்கை என்று மேடைகளில் முழங்கியவர்கள், அதில் உண்மையிலேயே இருந்த கேள்வியை மறைத்துவிட்டார்கள்.

இந்த ஒரு சாலை மட்டும்தானா

பாரத்மாலா முழுவதையும் எடுத்துப் பார்த்தால் துவாரகா தனித்து நிற்கவில்லை. 34,800 கி.மீ.க்கு 5,35,000 கோடி என்பது கிலோமீட்டருக்கு 15.37 கோடி. ஆனால் 26,316 கி.மீ.க்கே 8,46,588 கோடி அனுமதித்திருந்தார்கள், கிலோமீட்டருக்கு 32.17 கோடி. அதாவது முக்கால்வாசி நீளத்துக்கே, ஒப்புக்கொண்ட மொத்தத் தொகையில் ஒன்றரை மடங்குக்கு மேல். 2023 மார்ச் 31 வரை கட்டி முடித்தது 13,499 கி.மீ.; முழு இலக்கில் 38.79 சதவீதம். நில விலை ஏறியது, திட்டங்களின் அளவு மாறியது, தரம் உயர்ந்தது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. துவாரகாவில் கேட்ட அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது: அமைச்சரவை ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று, கட்டப்படும் சாலை வேறொன்று என்றால், நடுவில் மாறியது எந்த மேசையில், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக?

சாலை திறந்த பிறகு

ஹரியானாப் பகுதி 2024 மார்ச் 11 அன்று திறக்கப்பட்டது. 19 கி.மீ.க்குச் சுமார் 4,100 கோடி என்று அறிவித்தார்கள். டெல்லிப் பகுதி 2025 ஆகஸ்ட் 17 அன்று திறந்தது, 10.1 கி.மீ.க்குச் சுமார் 5,360 கோடி. விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் சுரங்கச்சாலை அதில்தான் வருகிறது, செலவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 9,460 கோடி. கிலோமீட்டருக்கு 325 கோடியைத் தாண்டுகிறது.

ஆக ஒரே சாலைக்கு இப்போது ஐந்து எண்கள் இருக்கின்றன: 18.20, 181.94, 206.39, 250.77, 325. ஒன்று தேசிய சராசரி, ஒன்று ஒப்பந்தத் தொகை, ஒன்று டெண்டர் மதிப்பீடு, ஒன்று அனுமதி, ஒன்று திறப்பு விழாவில் சொன்னது. எதில் நிலம் சேர்ந்திருக்கிறது, எதில் மின்கம்பமும் குழாயும் மாற்றிய செலவு சேர்ந்திருக்கிறது என்று பக்கத்திலேயே சொல்லாதவரை, யாருக்கு எந்த எண் வசதியோ அதை எடுத்துக்கொள்வார்கள். சாலை அறிவிப்பு ஒவ்வொன்றிலும் நிலம் தனி, கட்டுமானம் தனி, மற்றவை தனி என்று மூன்று வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. மானேசரிலிருந்து விமான நிலையம் போகிறவர்களின் நேரம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. மேலே எட்டு வழியில் ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் போகிறது, கீழே ஆறு வழியில் எத்தனை என்பதை இனி எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையை 55,432க்குப் பக்கத்தில் வைத்து வெளியிடுமாறு நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் குருகிராம்வாசி ஒருவரும் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தில் இரண்டாவது கேள்வியாக, 90 மீட்டர் நிலத்தில் 14 வழிகளையும் தரையிலேயே போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஆணையம் எப்போதாவது கணக்குப் போட்டதா, போட்டிருந்தால் அதன் நகல் வேண்டும் என்றும் எழுத வேண்டும்.